கல்லறைத் திருநாளும் கேன்சஸ் சாமியாரும்

அம்மா டாலஸுக்கு வந்து இறங்கியது செப்டம்பரில். அக்டோபர் பாதி கடந்ததும் புலம்ப ஆரம்பித்துவிட்டார். "ரெண்டாம் தேதி வருது. அப்பா கல்லறையை யாரு கழுவுவா?"

தம்பி இருக்கிறான், சித்தப்பா வீட்டார் இருக்கிறார்கள், வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள் என்று சொன்னேன். அது அவருக்கும் தெரியும். ஆனால் அப்பா போனதிலிருந்து, நவம்பர் 2-ல் வரும் கல்லறைத் திருநாள் ஒன்றைக்கூட விட்டதில்லை. இங்கே மளிகைக் கடை வாசலில் தொட்டி தொட்டியாகச் சாமந்தி விற்பதைப் பார்த்த அன்று இரண்டு தொட்டி வாங்கி வந்து பால்கனியில் வைத்தார். "பூ இருக்கு, வைக்கத்தான் இடமில்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு விச்சிட்டா நினைவுக்கு வந்தது. கேன்சஸ் மாநிலத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஆறு மணி நேர ஓட்டம். அங்கே அமலோற்பவ அன்னை பேராலயத்தில் அருள்தந்தை எமில் கபானின் கல்லறை இருக்கிறது. ரொம்ப நாளாகப் போக நினைத்த இடம். 2025 நவம்பர் 1, சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டோம். பின் சீட்டில் சாமந்தித் தொட்டி, அம்மா மடியில் வெந்நீர் பிளாஸ்க்.

"யாருப்பா அவரு?"

"ராணுவத்துல சாப்ளின்."

அம்மாவுக்குத் தொப்பியும் குட்டி மீசையும் வைத்த சினிமாக்காரர்தான் தெரியும். சிரித்து முடித்த பிறகு விளக்கினேன்: படையோடு கூடவே போகிற சாமியார். துப்பாக்கி ஏந்த மாட்டார். பூசை வைப்பார், பாவசங்கீர்த்தனம் கேட்பார், சாகக் கிடப்பவருக்கு நோயில்பூசுதல் கொடுப்பார்.

கபான் 1916 ஏப்ரல் 20, பெரிய வியாழனன்று கேன்சஸிலேயே பில்சன் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தவர். செக் மொழி பேசும் குடியானவக் குடும்பம். 1940-ல் குருப்பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1945 ஏப்ரல் முதல் 1946 மே வரை, அவர் இருந்தது இந்தியா-பர்மா போர்முனையில். சில மாதங்களில் ஜீப்பிலும் விமானத்திலுமாக 2,000 மைல் வரை அலைந்து பூசை வைத்திருக்கிறார். "நம்ம ஊருக்கா வந்தாரு?" என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இல்லம்மா, பர்மா பக்கம் என்றேன். "சரி, இந்தியாக் காத்து பட்டிருக்குல்ல" என்று சமாதானமானார்.

ஞாயிறு காலை அம்மா என்னை உலுக்கி எழுப்பினார், பூசைக்கு நேரமாகிறது என்று. அவசரமாகக் குளித்துக் கிளம்பி, காரில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்: முந்தின இரவுதான் அமெரிக்கக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். என் போன் தானே மாறியிருந்தது. அம்மாவின் டைட்டன் வாட்ச் மாறவில்லை. அதனால் பேராலயத்துக்குப் பூசைக்கு ரொம்ப முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று பேர்கூட இல்லை.

அம்மா நேராகக் கல்லறைக்குப் போனார். தொட்டியை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, இரவு ஓட்டல் அறையில் கட்டிய ஒரு முழச் சரத்தை மட்டும் முந்தானையிலிருந்து எடுத்து விளிம்பில் வைத்தார். கல்லைத் தொட்டு விரலை முத்தமிட்டார். பிறகு முழங்கால் வலியோடு அங்கேயே தரையில் உட்கார்ந்து, "இப்பச் சொல்லு, எப்படிச் செத்தாரு?" என்றார். தாழ்ந்த குரலில் சொன்னேன்.

1950 ஜூலையில் முதலாவது குதிரைப்படை டிவிஷனோடு கொரியப் போருக்குப் போனார் கபான். பெயர்தான் குதிரைப்படை, போனதெல்லாம் நடந்தும் லாரியிலும்தான். ஆகஸ்டிலேயே, குண்டுமழையில் காயம்பட்டவரை மீட்டதற்காக வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. ஜீப்பின் முன்பக்க மூடியில் துணி விரித்து அதையே பலிபீடமாக்கி அவர் பூசை வைக்கும் ஒரு புகைப்படம் இருக்கிறது. அவரைத் தெரியாதவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்.

நவம்பர் 1 இரவு, வட கொரியாவின் உன்சானில் சீனப்படை அவருடைய பட்டாலியனைச் சூழ்ந்துகொண்டது. தப்பிக்க முடிந்தவர்கள் தப்பித்துப் போகலாம் என்ற நிலை. அவரால் முடிந்திருக்கும். ஆனால் காயம்பட்டவர்களை நகர்த்த முடியாது, அதனால் அவர் அங்கேயே இருந்துவிட்டார். காயம்பட்டுக் கிடந்தவர்களில் ஒரு சீன அதிகாரியும் இருந்தார். அவரிடமே பேசி, சுடாமல் சரணடைய வழி செய்தார். அப்புறம் வெளியே வந்தபோது, கணுக்கால் உடைந்து பள்ளத்தில் கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்ற சார்ஜெண்டின் தலைக்கு நேராக ஒரு சீன வீரர் துப்பாக்கி நீட்டியிருந்தார். கபான் நடந்து போய், துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டார். சுடவில்லை. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

"அன்னிக்கு என்ன தேதி?"

"பிடிபட்டது நவம்பர் 2."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார்.

யாலு ஆற்றங்கரையில், பியோக்டாங் என்ற இடத்துச் சிறை முகாம். உறைபனியில், அரைப்பட்டினியில், தினமும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கபான் செய்ததெல்லாம் வீட்டு வேலை மாதிரிதான். கூரைத் தகரத்தைக் கல்லால் தட்டித் தட்டிச் சட்டியாக்கினார். அதில் பனியை உருக்கி, கொதிக்கவைத்து, நல்ல தண்ணீர் கொடுத்தார். சீதபேதியில் கிடந்தவர்களின் துணியைத் துவைத்தார். கைக்கடிகாரத்தைக் கொடுத்துப் போர்வை ஒன்று வாங்கி, அதை வெட்டி மற்றவர்களுக்குக் காலுறை செய்தார். இரவில் காவலர் கண்ணில் மண்ணைத் தூவி தானியம் திருடிக்கொண்டு வருவார். திருடப் போகுமுன், இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்ளனாகிய புனித திஸ்மாஸிடம் வேண்டிக்கொள்வாராம். அம்மா இதை மிகவும் ரசித்தார். எனக்கும் இவருடைய கதையில் பிடித்த இடம் இதுதான். சண்டைக்களத்து வீரத்துக்குப் பதக்கம் உண்டு, அந்தத் தகரச் சட்டிக்கு என்ன கொடுப்பது?

1951 மார்ச் 25, உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) விடியற்காலையில் முகாமில் துணிந்து வழிபாடு நடத்தினார். அப்புறம் காலில் ரத்தம் கட்டியது, பேதி, நிமோனியா. காவலர்கள் அவரை ஆஸ்பத்திரி என்று சொல்லிக் கொண்டு போனார்கள். கைதிகள் அதற்கு வைத்திருந்த பெயர் சாவு வீடு. போகும்போது காவலர்களை மன்னித்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். மே 23-ல் இறந்தபோது வயது 35.

"அப்ப இங்க எப்படிக் கல்லறை?"

அதுதான் கதையிலேயே வினோதம். போருக்குப் பிறகு ஒப்படைக்கப்பட்ட பெயர் தெரியாத எலும்புகளோடு எலும்பாக, ஹொனலூலு ராணுவ மயானத்தில் பல பத்தாண்டுகள் கிடந்திருக்கிறார். 2013-ல் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரை அதிபர் ஒபாமா கொடுத்தபோது அவர் சார்பில் வாங்கியது அவருடைய தம்பி மகன். பார்வையாளர் வரிசையில் அந்த மில்லர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் கல்லறை கிடையாது. 2021 மார்ச்சில்தான் அடையாளம் கண்டார்கள், செப்டம்பரில் விச்சிட்டாவுக்கு வந்து சேர்ந்தார்.

"எழுவது வருஷம்" என்றார் அம்மா. "அவங்க அம்மா எங்க போயி மெழுகுவர்த்தி ஏத்தியிருப்பா?"

அந்த நேரத்தில் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. ஊரில் சாயங்காலம். அப்பா கல்லறை மேல் வெள்ளை காய்ந்தும் காயாமலும் இருந்தது, காற்றில் ஒரு மெழுகுவர்த்தி அணைய, தம்பி பக்கத்துக் கல்லறை மெழுகுவர்த்தியில் பற்றவைத்தான். அம்மா சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தார்.

பூசை முடிந்து பில்சனுக்குப் போனோம், வடகிழக்கே 60 மைல். வழியில் முகாம் கைதி ஒருவர் விறகுக் கட்டையில் செதுக்கிய பாடுபட்ட சிலுவையைப் பார்க்க ஆசை. கபான் பெயரிலுள்ள பள்ளியில் இருக்கிறது. செதுக்கிய ஜெரால்ட் ஃபிங்க் ஒரு யூதர், கபானை நேரில் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, விட்டுவிட்டோம்.

இரண்டு பக்கமும் கோதுமை, நம்ம ஊர் நாற்றங்கால் மாதிரி குட்டையாகப் பச்சை. திடீரென்று வெட்டவெளியில் புனித ஜான் நெபோமுக் ஆலயத்தின் செங்கல் கோபுரம். சுற்றி விரல்விட்டு எண்ணும் வீடுகள்தான். முன்னால், காயம்பட்ட சிப்பாயை அணைத்து நடத்திச் செல்லும் கபானின் சிலை. காற்று ஆளைத் தள்ளியது. அம்மா பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி, குடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

2025 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் இவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்ததைச் சொன்னேன். அது புனிதர் நிலைக்கு முந்தைய ஒரு படி, இன்னும் புனிதர் ஆகவில்லை. ஒவ்வொரு வருடமும் ஜூன் தொடக்கத்தில் விச்சிட்டாவிலிருந்து இங்கே வரை இந்த 60 மைலையும் ஜனங்கள் பாதயாத்திரையாக நடந்து வருகிறார்கள் என்றும் சொன்னேன்.

வேளாங்கண்ணிக்குப் பலமுறை நடந்தவர் அம்மா. வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தார். "செருப்புப் போட்டா, போடாமலா?"

"போட்டுத்தான்மா."

"எனக்கு எப்ப வரைக்கும் இருக்கலாம்?"

"இங்க தங்குற அனுமதி மார்ச்சோட முடியுது."

"அப்ப நீ நட" என்று சொல்லிவிட்டு, சாமந்தித் தொட்டியைச் சிலை அருகே இறக்கி வைக்கக் காரைத் திறக்கச் சொன்னார்.