பத்து மாத அட்வான்ஸ்

நேற்று வேளச்சேரியில் ஒரு வீடு பார்த்தோம். பத்து மாத அட்வான்ஸ். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வார்களாம். அப்புறம் அந்தக் கேள்வி: "நான்வெஜ் சமைப்பீங்களா?"

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஒரு வாலும் உண்டு. அந்த வாலைப் பிடித்துத்தான் சென்னையே தொங்குகிறது.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் மாநகராட்சிக்கே சுமார் 2,20,000 வாடகை வீடுகள் சொந்தம். 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பு ஒன்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு கிடையாது. காத்திருக்க வேண்டும், சரி. ஆனால் "பையனுக்குக் கல்யாணம், காலி பண்ணுங்க" என்று சொல்ல அங்கே ஓனரம்மா இல்லை.

எட்டு மாதமாகக் குறைக்கக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாராம்.