பழைய .22 ரைபிளைச் சுட்டுப் பார்ப்பதற்கு முன்

குலசேகரத்துக்கு அருகில் ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் என் தாய்மாமாவின் வீட்டில் அவருடைய தாத்தா காலத்து .22 ரைபிள் ஒன்று (.22 என்பது அங்குலக் கணக்கில் குழலின் உள்விட்டம்) இருக்கிறது. அதன் உரிமம் முறைப்படி அவர் பெயருக்கு வந்த பிறகு, "மக்களே, இதுல ஒரு வெடி வச்சுப் பாக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு நான் போய் வருபவன் என்பதால் வந்த கேள்வி அது. பார்க்கலாம்தான், ஆனால் அந்த ரைபிள் எந்தத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது, அந்தத் தோட்டாவை அதன் குழல் இன்றும் தாங்குமா என்ற இரண்டும் தெரியாமல் அதில் எதையும் ஏற்றுவதற்கில்லை.

பழம்பொருளுக்கு உரிமம் எதற்கு என்று கேட்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மையே. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட இயலாத ஆயுதத்துக்கு மட்டுமே அது பொருந்தும். சுடக்கூடிய ரைபிள் நூறு வயதானாலும் உரிமத்துக்கு உட்பட்டதுதான். உரிமதாரர் இறந்துவிட்டால், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ அதை ஒப்படைத்துவிட்டு, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் வாரிசு விண்ணப்பிக்க வேண்டும். பரணில் கிடக்கட்டும் என்று விடுவது வம்பை வீட்டுக்குள் வைத்திருப்பதாகும்.

மாமாவின் ரைபிளில் விசைக்குப் பின்னால் உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால், அடைப்புக்கட்டையின் முன்முனை தாழ்ந்து குழலின் பின்வாய் திறக்கிறது. இது மார்ட்டினி அமைப்பு. பக்கவாட்டில், மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய முத்திரை தேய்ந்து தெரிகிறது. அது துப்பாக்கி செய்யும் பர்மிங்காம் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் அடையாளம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பிறகு பிரிட்டனில் சிறுகுழல் ரைபிள் கிளப்புகள் பெருகியபோது இத்தகைய ரைபிள்கள் பெருமளவில் செய்யப்பட்டன. முன்கட்டையைக் கழற்றியபோது குழலின் அடிப்புறத்தில் மகுடத்தின் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகள் காணப்பட்டன. இவை 1904ஆம் ஆண்டு விதிகளின்படி குழல்களின் வலிமையைச் சோதிக்கும் பர்மிங்காம் சோதனைச்சாலை இட்டவை, என்.பி. என்பது வலுமிக்க புகையற்ற வெடிமருந்துக்கும் குழல் சோதிக்கப்பட்டதைக் குறிக்கும். மகுடத்தின் கீழ் குறுக்கிட்ட இரண்டு செங்கோல்கள் மட்டும் இருந்திருந்தால், பழைய கருப்பு வெடிமருந்துக் காலத்துக் குழல் என்று சொல்லிச் சுவரில் மாட்டிவிடச் சொல்லியிருப்பேன்.

ஆயினும் முத்திரையை மட்டும் நம்பிவிட முடியாது. ஆஸ்திரேலிய மாணவர் படைக்காக .310 தோட்டாவுக்குச் செய்த மார்ட்டினிகள் பல, பிற்காலத்தில் குழல் மாற்றப்பட்டு .22 ஆகியிருக்கின்றன. .22 என்பதிலும் பல வகை உண்டு. ஷார்ட் 1857இல் வந்தது. லாங் ரைபிள் 1887இல் வந்தது. வின்செஸ்டர் 1890இல் கொண்டுவந்த டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவின் கூடு (மருந்து அடைத்த உலோக உறை) இவ்விரண்டையும்விடப் பருமனானது. அதற்கென்று குழலின் பின்முனையில் குடைந்த தோட்டா அறையில் லாங் ரைபிள் தோட்டா தாராளமாக நுழைந்துவிடும். சுட்டதும் கூடு பிளந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். எனவே உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவர், கொதிநீரின் சூட்டுக்கும் கீழே உருகும் உலோகக் கலவையை அறைக்குள் ஊற்றி அச்சு எடுத்தார். லாங் ரைபிள் கூட்டின் விட்டம் சுமார் 5.7 மில்லிமீட்டர், டபிள்யூ.ஆர்.எஃப். கூட்டின் விட்டம் 6.1க்கும் சற்று மேல். அச்சை வெர்னியர் அளவுகோலில் அளந்தபோது அது லாங் ரைபிள் அறை என்பது உறுதியானது.

அதன் பிறகே குழலின் உட்புறத்தைப் பார்த்தோம். முதலில் வெளியே வந்தது குளவி கட்டிய மண்கூட்டின் துகள்கள். அதோடு சுட்டிருந்தால் குழல் உப்பியோ வெடித்தோ போயிருக்கலாம். துடைத்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, குழலின் நடுவே கருவளையம் ஒன்று தெரிந்தால் அங்கே குழல் ஒருமுறை உப்பியிருக்கிறது என்று பொருள். இதில் வளையம் இல்லை, அரிப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தன. இடையிடையே மாமா வெறும் விசையை இழுத்து இழுத்துப் பார்த்ததைத் தடுக்க வேண்டியிருந்தது. தோட்டாவின் விளிம்பில் ஊசி அடித்து வெடிக்க வைக்கும் ரிம்ஃபயர் ரைபிளில், தோட்டா இல்லாதபோது அந்த ஊசி அறையின் விளிம்பில் மோதி அதைச் சிதைத்துவிடும்.

தோட்டத்திலேயே சுடலாம் என்றார். லாங் ரைபிள் குண்டு சுமார் 2.4 கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வசிக்கிறார்கள். ரப்பர் மரங்களுக்கிடையே பால் வெட்டுபவர் எங்கே நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ரைபிள் கிளப்பின் சுடுதளத்துக்கே கொண்டுபோனோம்.

ஒலியின் வேகத்துக்குக் கீழே செல்லும் சாதாரண வேகத் தோட்டா மட்டுமே இதற்கு ஏற்றது. அதிவேகத் தோட்டாக்கள் 1930 வாக்கில்தான் வந்தன, இந்த ரைபிள் அதற்கு மூத்தது. முதல் சில தோட்டாக்களை யாரும் தோளில் வைத்துச் சுடவில்லை. ரைபிளை மேசையில் இறுகக் கட்டி, விசையில் கயிறு கோத்து, தடுப்புக்குப் பின்னால் நின்று இழுத்தோம். ஒவ்வொரு கூட்டையும் உருப்பெருக்கியில் பார்த்தோம்: விளிம்பு உப்பவில்லை, பக்கங்களில் புகைக்கறை இல்லை, ஊசியின் தடம் தெளிவாக இருந்தது. ஒரு தோட்டா வெடிக்காமல் நின்றபோது, தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதால் குழலை இலக்கை நோக்கியே வைத்து ஒரு நிமிடம் காத்திருந்துதான் திறந்தோம்.

பிறகு மாமா கண்ணாடியும் காதுறையும் அணிந்து தாமே சுட்டார். ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் துடைத்து எண்ணெயிட்டு, துணி உறையில் அல்லாமல் பூட்டிய இரும்பு அலமாரியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்; துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.