மூச்சு விடாத மூக்கு

“ஒரு முகம் வேணும்ல சார்?”

அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான். கேட்பதற்கு ஒன்றும் தப்பாக இல்லை. இரண்டு வருடம் ஆகிறது. ஒரு காரின் முன்பக்கத்தை வரைய உட்காரும்போதெல்லாம் இந்த நாலு வார்த்தை வந்து எதிரில் நிற்கிறது.

அது ஒரு கார் கிளினிக். சந்தைக்கு வராத காரின் மாதிரியை வெளியாட்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டம். எங்களுடையது எலெக்ட்ரிக் கார். கிளினிக் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னம் கழற்றிய ஃபைபர் மாடல்கள். வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, சட்டையில் ஒட்டிய எண்தான். நாங்கள் பக்கத்தில் நின்று அவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்ளலாம். வரைந்தது நான்தான் என்று காட்டிக்கொள்ளக் கூடாது, கேட்டதற்குப் பதில் சொல்லக் கூடாது. “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று திருப்பிக் கேட்பதோடு நம் வேலை முடிந்தது. முதல் நாள் குடும்பங்கள், இரண்டாம் நாள் கார்ப் பைத்தியங்கள். எங்களுக்குள் அப்படித்தான் சொல்வோம். நாங்களும் அதே கூட்டம்தான் என்பது வேறு விஷயம்.

அவர் 17ஆம் எண். ஐம்பதைத் தாண்டியவர். மற்றவர்களைப் போல நேராக முன்பக்கம் போய் நிற்கவில்லை. பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கதவுக்குக் கீழே ஓடும் கறுப்புப் பட்டையை விரலால் தடவினார். “பேட்டரியை இங்கதான் ஒளிச்சு வெச்சிருக்காங்க, பாருங்க தம்பி” என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். பேட்டரி தரைக்கு அடியில் போனால் தரை உயரும், தரை உயர்ந்தால் சீட் உயரும், சீட் உயர்ந்தால் கூரை உயரும். கார் பக்கவாட்டில் மதில் சுவர் மாதிரி ஆகிவிடும். அதை மறைக்கத்தான் அடியில் கறுப்பு. சுவர் சின்னதாகத் தெரியட்டும் என்றுதான் அவ்வளவு பெரிய சக்கரம். எல்லாம் சரி. அந்தப் பட்டையை எட்டு மில்லிமீட்டர் ஏற்றலாமா இறக்கலாமா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். புதிதாகக் கற்றுக்கொள்பவனைப் போலத் தலையாட்டினேன். மனசுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவருக்குத் தெரிகிறதே!

அப்புறம் எழுந்து முன்னால் வந்தார். பெட்ரோல் காரில் இன்ஜினுக்குக் காற்று போக முன்னால் ஒரு கம்பி வலை இருக்குமே, கிரில், அது இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு மூடிய கறுப்புப் பலகை. அதைத் தொடக் கூடாது என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தோம். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். டொக், டொக்.

“இது மூச்சு விடாத மூக்கு. எதுக்கு வெச்சிருக்காங்க?”

நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். “பின்னாடி ரேடார் இருக்கு சார்” என்றேன்.

“ரேடார் உள்ளங்கை அகலம். மீதி?”

நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். ஜாகுவார் ஐ-பேஸைச் சொன்னார். அதுவும் எலெக்ட்ரிக்தான், அதற்கும் கிரில் உண்டு. ஆனால் அங்கே காற்று கிரில் வழியாக நுழைந்து பானெட்டில் இருக்கும் பிளவு வழியாக மேலே வெளியேறும். “அந்த மூக்குக்கு ஒரு வேலை இருக்கு. இதுக்கு என்ன வேலை?” குரலில் சண்டை இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஒரு முகம் வேணும்ல சார்?”

என்னைப் பார்த்தார். மாடலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். “ஓ” என்றார். அவ்வளவுதான். அடுத்த மாடலுக்குப் போய்விட்டார்.

அந்த “ஓ”வைத்தான் இத்தனை நாளாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். வரைந்தவன் இவன்தான் என்று கண்டுபிடித்ததன் “ஓ”வா? மனம் நோகடித்துவிட்டோமே என்ற சங்கடமா? இல்லை, இவனிடம் இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்பதா? எதுவாக இருந்தாலும் எனக்கு நல்லதில்லை.

குறிப்புத் தாளில் ‘முன்பக்கம்’ என்ற கட்டத்தில் “கருத்து பதிவாகவில்லை” என்று எழுதினேன். பொய் என்று சொல்லிவிட முடியாது. பார்வையாளரின் கருத்தில் எங்கள் ஆள் தலையிட்டுவிட்டால் அந்தக் கருத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. விதியை மீறியது நான், தண்டனை அவர் கருத்துக்கு. இதில் இருக்கும் வசதி எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். கிளினிக்குக்குப் பதினான்கு மாதம் முன்பு அந்தக் காருக்கு நான் வரைந்த முதல் முன்பக்கத்தில் கிரில்லே இல்லை. மேலே வழவழவென்ற தகடு, கீழே பம்பருக்கு அடியில் மட்டும் ஒரு வாய். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் குளிர்ச்சி வேண்டும்தான். ஆனால் அதற்கு அந்தக் கீழ்வாய் போதும், அதையும் தேவைப்படும்போது மட்டும் திறக்கும் தகடுகளால் மூடிவிடலாம். என் மேலதிகாரி சுவரில் அதைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. ஆனா ஒரு முகம் வேணும்ல?” என்றார்.

ஆமாம், அதே வார்த்தைகள். பின்னால் ஒரு ‘சார்’ மட்டும் நான் ஒட்டிக்கொண்டேன்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. டெஸ்லாவே 2012இல் மாடல் எஸ்ஸைக் கொண்டுவந்தபோது கிரில் மாதிரி தெரியும் ஒரு கறுப்பு மூக்கை வைத்துத்தான் கொண்டுவந்தது. 2016இல்தான் அதை எடுத்தது. “ஜனங்க பழக நாலு வருஷம் குடுத்தாங்க, நாமளும் குடுப்போம்” என்றார். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸைக் காட்டினார். மூச்சே தேவைப்படாத காருக்கு இருப்பதிலேயே பெரிய மூக்கு, பின்னால் ரேடாரும் கேமராவும், மேலே கீறல் விழுந்தால் தானே ஆறும் பூச்சு. “பொய்யில்ல, புது வேலை குடுத்திருக்காங்க” என்றார். நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, அந்தப் பலகையை நன்றாகவும் வரைந்தேன். அதில் எனக்கு இப்போதும் பெருமை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கார்ப் பைத்தியங்களின் பேச்சை ஏன் கேட்க வேண்டும் என்றும் யோசித்திருக்கிறேன். அன்று வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒரே வாசகம்: “எல்லா எலெக்ட்ரிக் காரும் சோப்புக்கட்டி மாதிரி இருக்கு.” சரி, ஏன் அப்படி இருக்கிறது? 45 லிட்டர் பெட்ரோலில் சுமார் 400 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. 100 கிலோவாட் மணி பேட்டரி என்றால் பெரிய பேட்டரி. அது ஏறக்குறைய 11 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். பெட்ரோல் கார் பெரும்பகுதியை வெப்பமாகக் கொட்டிவிட்டுத்தான் ஓடுகிறது, அதனால் காற்று தின்பது அங்கே அவ்வளவாகத் தெரியாது. இங்கே ஒவ்வொரு துளிக்கும் கணக்கு. வேகம் 100இலிருந்து 120 ஆனால் காற்றின் எதிர்ப்பு 1.44 மடங்கு. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் 1996லேயே ஈவி1-ஐப் பின்சக்கரத்தைப் பாதி மூடி, துளி வடிவில் செய்தது. காற்றுத்தடை எண் 0.19, இந்த எண் குறையக் குறைய நல்லது. மெர்சிடஸ் ஈக்யூஎஸ் 0.20. சோப்புக்கட்டி யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை, காற்று செதுக்கிய வடிவம் அது.

சோப்புக்கட்டி என்று திட்டியவர்களே ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், போதவில்லை என்று அடுத்த கேள்வியில் எழுதினார்கள். ரேஞ்ச் கேட்டவர்களே சக்கரம் இன்னும் ஓர் அங்குலம் பெரிதாக வேண்டும் என்றார்கள். பிடித்த எலெக்ட்ரிக் கார் எது என்று கேட்டால் ஹூண்டாய் அயோனிக் 5 என்றார்கள். மடிப்பும் கூர் விளிம்புமாக, 1974இல் ஹூண்டாயே காட்டிய போனி கூப்பேயை நினைவுபடுத்தும் கார். காற்றுத்தடை எண் 0.288. அதே அடித்தளத்தில் வந்த அயோனிக் 6-க்கு 0.21. காற்றுக்குப் பிடித்தது அதைத்தான். அந்த அறையில் இருந்தவர்களோ அதை வாழைப்பழம் என்றார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இந்த இடம் வரைக்கும் என் வாதம் நன்றாக ஓடும். அப்புறம் 17 வந்து நிற்பார். அவர் சோப்புக்கட்டி என்று சொல்லவில்லை. பழைய மாதிரி வேண்டும் என்றும் கேட்கவில்லை, புதுசாக வேண்டும் என்றும் கேட்கவில்லை. கறுப்புப் பட்டையைப் புரிந்துகொண்டார், மன்னித்தும்விட்டார். அதுவும் ஒருவகை ஏமாற்றுதானே? அதற்குக் கோபமில்லை, மூக்குக்கு மட்டும் ஏன்?

ஒருவேளை பட்டை ஒன்றை மறைக்கிறது, மூக்கு இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுகிறது, அதனாலா? அப்படியென்றால் எலெக்ட்ரிக் கார் மெதுவாகப் போகும்போது எழுப்பும் செயற்கைச் சத்தமும் பொய்தானே. ஐரோப்பாவில் அது சட்டப்படி கட்டாயம், 20 கிலோமீட்டர் வேகம் வரை ஒலிக்க வேண்டும். நடந்து போகிறவர் திரும்பிப் பார்க்க அது உதவுகிறது. எங்கள் மூக்கு யாருக்கு உதவியது? எங்களுக்கு உதவியது. வாங்க வந்தவர் மிரளாமல் இருக்க உதவியது. அதுவும் ஒரு வேலைதானே என்று காலையில் தோன்றும். சாயங்காலம் தோன்றாது.

அவர் சொன்னதை எழுதியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, வடிவம் அதற்குள் முடிவாகிவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. உடம்புதான் முடிவாகியிருந்தது. அந்தப் பலகைக்கான அச்சுக்கு ஆர்டர் போனது கிளினிக் முடிந்து ஆறு வாரம் கழித்து. அந்த ஆறு வாரத்தில் என் பழைய படத்தை ஒருமுறை மறுபடி சுவரில் ஒட்டியிருக்கலாம். “கிளினிக்கில் ஒருவர் கேட்டார்” என்று ஆரம்பிக்க ஒரு வாக்கியமாவது கையில் இருந்திருக்கும். ஒரே ஒருவர்தான் என்று தள்ளியிருப்பார்கள். தள்ளியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கார் வந்தது. வாங்கியவர்களுக்கு முன்பக்கம் பிடித்திருக்கிறது. கம்பீரமாக இருக்கிறதாம். பைத்தியங்கள் அதை முகமூடி என்று கேலி செய்தார்கள். இரண்டையும் எதிர்பார்த்தோம். மேலதிகாரி சொன்னது சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கும் அந்தக் கணக்கில் ஒரு பதவி உயர்வு வந்தது.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கிளினிக் முடிந்து போகும்போது வந்தவர்கள் தங்கள் கையாலேயே ஒரு தாளை நிரப்பிக் கொடுப்பார்கள். 17 முன்பக்கத்துக்குப் பத்துக்கு ஆறு போட்டிருந்தார். ஆறு! மோசமில்லை. அது சராசரியில் சேர்ந்துகொண்டது. அடியில் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்ற கட்டத்தில் சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. தொகுப்பு அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான்தான், அந்த வரியை விட்டுவிட்டேன். வெளியே தெரிந்தால் நான் விதியை மீறியதும் தெரிந்துவிடும்.

“பக்கத்தில் நின்ற தம்பி பொறுமையாகப் பதில் சொன்னார். நன்றி.”