காற்றாடிமலையில் மூன்று மணி

மார்த்தாண்டத்திலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கும் அதைத் தாண்டியும் டெம்போ ஓட்டுகிறவன் நான். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை கடந்ததும் ரோட்டோரம் லாட்டரிக் கடைகள் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். கேரளத்தில் அரசாங்கமே நடத்துகிறது. தினமும் குலுக்கல், மதியம் 3 மணிக்கு. எல்லைக்கு இந்தப் பக்கத்து வீடுகளின் பணம் எவ்வளவோ அந்தப் பக்கம் போய், வெறும் காகிதமாகத் திரும்பி வருகிறது. எங்கள் வீட்டுப் பணமும் அப்படித்தான் போயிற்று.

முதலில் வாரத்துக்கு ஒரு டிக்கெட். ஒருமுறை ஐயாயிரம் விழுந்தது. அந்த ஐயாயிரம்தான் என்னைக் கெடுத்தது. அப்புறம் தினமும் மூன்று, நான்கு. கடைசியில் ஒருநாள் வியாபாரியிடம் ஒப்படைக்க வேண்டிய வசூல் பணத்திலேயே கைவைத்தேன். மறுநாள் மனைவியின் வளையலை அடகு வைத்து அதை நிரப்பினோம். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் ‘எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்’ என்ற இடம் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மீதியை அவள் மட்டும் சொல்லி முடித்தாள்.

3 மணி எங்களுக்குச் சாதாரண நேரமில்லை. ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரம். என் அம்மா இருந்தவரை, அந்த நேரத்தில் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்துவிடுவாள். அதே நேரத்தில் நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் நம்பர் தேடிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது.

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, பாலைவனத்தில் இயேசு சோதிக்கப்பட்ட நற்செய்தியை வாசித்தார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது மனைவி சொன்னாள்: “வெள்ளிக்கிழமை லோடு வேண்டாம். தேவசகாயம் பிள்ளை நடந்த இடத்துக்கெல்லாம் ஒருக்கா போயிட்டு வருவோம்.” சரி என்றேன்.

விடிகாலையில் பஸ் பிடித்து நட்டாலம் போனோம். கிறிஸ்தவரானதற்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளை 1712-ல் அங்கேதான் பிறந்தார். அப்போது அவர் பெயர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் பணி செய்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அதே மகாராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். இருவருக்கும் பழக்கம் அப்படி உண்டானது. வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்த நீலகண்ட பிள்ளைக்கு டிலனாய், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிளின் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனால் அன்று அந்த மண்ணில் நிற்கும்போதுதான் உறைத்தது. கஷ்டம் வந்தபோது அவர் யோபுவின் கதைக்குக் காது கொடுத்தார். எனக்கு வந்தபோது நான் டிக்கெட் எடுத்தேன்.

1745-ல் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயர், தமிழில் தேவசகாயம். மனைவி பார்கவி அம்மாளும் அவர் வழியில் வந்து ஞானப்பூ ஆனார்.

அடுத்து புலியூர்குறிச்சி. டிலனாயின் கல்லறை இருக்கிற உதயகிரிக் கோட்டைக்குப் பக்கம்தான். அடிபட்டு, தாகத்தால் தவித்த தேவசகாயம் முட்டியால் பாறையை இடித்ததும் தண்ணீர் வந்தது என்று நம்புகிற முட்டிடிச்சான் பாறை அங்கே இருக்கிறது. குழியில் ஊறிக்கிடந்த தண்ணீரை மனைவி கையில் அள்ளி எனக்குக் கொடுத்தாள். குடித்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மனதில் ஒரு கணக்கு ஓடியது. அவரைக் கைது செய்தது 1749 பிப்ரவரியில். சுட்டது 1752 ஜனவரி 14-ல். கிட்டத்தட்ட மூன்று வருஷம், ஆயிரம் நாட்களுக்கும் மேல். எருமை மேல் பின்பக்கமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்தார்கள், காயத்தில் மிளகாய்ப்பொடி தடவினார்கள் என்று சொல்வார்கள். இதுவரை நான் அந்த வேதனையைத்தான் நினைத்திருக்கிறேன். அன்று வேறொன்று தோன்றியது. அந்த ஆயிரம் நாளும் அவர் முன்னால் கதவு திறந்தே இருந்தது. ‘விசுவாசத்தை விட்டுவிடுகிறேன்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேலை, வீடு, மானம், எல்லாம் திரும்பி வந்திருக்கும். நேற்று மறுத்ததை இன்று காலையிலும் மறுக்க வேண்டும். சாயங்காலம் வலி கூடும்போது இன்னொரு தடவை மறுக்க வேண்டும்.

நான் ஒவ்வொரு தடவையும் ‘இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்’ என்று சத்தியம் செய்து, நாலாம் நாள் உடைத்தவன். ஜென்மம் முழுவதுக்கும் ஒரேயடியாகச் சத்தியம் செய்ததுதான் தப்பு என்று அந்தப் பாறைமேல் புரிந்தது. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே உணவை ‘இன்று’ தாரும் என்றுதானே கேட்கிறோம்? சோதனையில் விழாதிருக்கும் பலத்தையும் அப்படித்தான் கேட்க வேண்டும். இன்றைக்கு, இந்த மத்தியானத்துக்கு.

பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே சிறிது நேரம் ஜெபித்துவிட்டு நாகர்கோவில் வந்து கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போனோம். அவருடைய உடலை அடக்கம் செய்த இடம் உள்ளே இருக்கிறது. 2012 டிசம்பர் 2-ம் தேதி நாகர்கோவிலில் அவரை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளராக அறிவித்தபோது அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். 2022 மே 15-ல் ரோமில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்ததை வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்தோம். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் நம்ம ஊர்க்காரர் என்று அன்று பெருமைப்பட்டேன். குருவோ துறவியோ இல்லை, என்னை மாதிரி மனைவியோடு குடும்பம் நடத்தியவர் என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை.

ஆரல்வாய்மொழிக்கு பஸ் போய்ச் சேரும்போது இரண்டரை மணி. கணவாயில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றாடிமலை ஏறும்போது பாக்கெட்டில் போன் கனத்தது. மணி நெருங்க நெருங்கக் கை தானாகப் போகிறது. டிக்கெட்டே எடுக்காத நாளிலும் எந்த நம்பருக்கு விழுந்தது என்று பார்க்கும் பழக்கம். போனை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேலே ஒரு பாட்டி சின்னக் கல்லால் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தார். மணியடிச்சான் பாறை. தேவசகாயத்தை இந்த மலையில் சுட்டபோது ஒரு பாறை மணிபோல ஒலித்தது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. இப்போதும் தட்டினால் வெண்கலச் சத்தம் வருகிறது. “நீயும் தட்டிப் பாரு மக்ளே” என்று கல்லை என் கையில் தந்தார். தட்டினேன். மணி மூன்று ஆகியிருக்கும். மனைவி ஜெபமாலையைத் தொடங்கினாள். இந்தத் தடவை ‘எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்’ என்பதை நான் சத்தமாகவே சொன்னேன். அழுகையும் கூடவே வந்தது. காற்று பலமாக இருந்ததால் பக்கத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

சனிக்கிழமை மறுபடி லோடு. களியக்காவிளை தாண்டி வழக்கமான டீக்கடையில் நிறுத்தாமல் அடுத்த ஊரில் நிறுத்தினேன். அங்கேயும் கடை இருந்தது. “அண்ணாச்சி, ரெண்டு எடுக்கட்டா?” என்றான் ஒரு பையன். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு டீயை அரைகுறையாகக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். கை நடுங்கத்தான் செய்தது.

வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. தினமும் கிடைப்பதில் கொஞ்சம் அதற்கென்று எடுத்து வைக்கிறோம். மதியம் 3 மணிக்கு அவள் எனக்குப் போன் செய்கிறாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு எடுக்கிறேன். இருவரும் சேர்ந்து ஜெபமாலையில் பத்து மணிகள் மட்டும் உருட்டி ஜெபம் சொல்கிறோம். அப்புறம் நான் வண்டியை எடுக்கிறேன்.