மணி அடிக்காத பள்ளிக்கூடம்

ஜூலை 7, திங்கள்

ஒரு வாரம் பூட்டிக் கிடந்த பள்ளி இன்று திறந்தது. கடற்கரையில் இரு தரப்புக்கும் நடந்த அடிதடி ஓய்ந்துவிட்டது என்கிறார்கள். தெருமுனையில் போலீஸ் வேன் இன்னும் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பில் 31 பேரில் 19 பேர்தான் வந்தார்கள். போன மாதம் வரை தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள் தனித்தனி பெஞ்சில்.

முதல் மணி அடித்ததும் ஒருத்தி பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்திலிருந்தவள் சொன்னாள்: "அன்னைக்கு ராத்திரி கோயில் மணி அடிச்சுல்லா டீச்சர் ஆளைக் கூப்பிட்டாவ."

ஜூலை 8, செவ்வாய்

தலைமையாசிரியையிடம் கேட்டேன், உடனே சம்மதித்தார். இனி மணி கிடையாது. வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்வோம்.

அந்த ராத்திரியைப் பிள்ளைகளைப் படமாக வரையச் சொல்லலாம் என்றிருந்தேன். நேற்றிரவு படித்ததில் கை நின்றுவிட்டது. மதக் கலவரம் நடந்த இந்தோனேசியாவின் போசோவில், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே 5 வாரத்தில் 15 அமர்வுகளை ஆய்வாளர்கள் நடத்தினார்கள். விளையாட்டு, ஓவியம், நாடகம், நடந்ததைப் பேசுவது எல்லாம் அதில் உண்டு. 2008-ல் வந்த முடிவுகளின்படி அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைந்தன. மனச்சோர்வும் பதற்றமும் குறையவில்லை. அதே முறையை யாழ்ப்பாணத்தில் செய்து பார்த்து 2012-ல் எழுதியது வேறு கதை. அங்கே அமர்வுக்கு வந்த சிறுமிகளைவிட, வராத சிறுமிகளுக்கே அந்த அறிகுறிகள் அதிகம் குறைந்திருந்தன.

நல்லெண்ணம் மட்டும் போதாது. பெஞ்சுக்கு அடியில் போனவளும் சிறுமிதானே. வேன் நகராத ஊரில் அந்த ராத்திரியை நான் கிளறப் போவதில்லை. பிள்ளையாகச் சொன்னால் கேட்பேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று என்னென்ன நடக்கும் என்பதைக் காலையிலேயே போர்டில் எழுதிவிடுகிறேன். கணக்கு, சாப்பாடு, கயிறு தாண்டல், வீடு. எழுதியது எழுதியபடி நடக்க வேண்டும், அதில் பிடிவாதமாக இருக்கிறேன். கயிற்றின் இரு முனையையும் இரு தரப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். முதலில் முறைத்தார்கள். அப்புறம் எண்ணுவதில் தகராறு வந்தது. வழக்கமான தகராறு! எவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஜூலை 14, திங்கள்

பெரியம்மா மகள் போனில் பேசினாள். 1982 மார்ச்சில் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் மதக் கலவரம் நடந்தபோது அவள் ஆறாம் வகுப்பு. போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலிகள். பள்ளி திறந்த அன்று நேராகக் கணக்குப் பாடம் நடந்ததாம். "பயமா இருக்கா மக்களேன்னு ஒருத்தரும் கேக்கல்ல" என்றாள். வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் அவளுக்குக் கை நடுங்கும்.

ஜூலை 25, வெள்ளி

28 பேர் வந்தார்கள். மணி எப்போது வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டோம். பெஞ்சுக்கு அடியில் போனவள், "நான் அடிக்கட்டா டீச்சர்? மெதுவா" என்றாள். அடித்தாள். இரண்டே தட்டு.

கடைசி பெஞ்சுப் பையனுக்குத்தான் இன்னும் வயிற்றுவலி தீரவில்லை. டாக்டர் பார்த்துவிட்டார், உடம்பில் ஒன்றுமில்லை. தூங்கவே மாட்டேன் என்கிறானாம். இது என் கைக்குள் அடங்குவதில்லை. அவன் அம்மாவுக்கு அரசின் இலவச மனநல உதவி எண்ணை, டெலி மானஸ் 14416-ஐ, எழுதிக் கொடுத்தேன். நாளை அவர்கள் வீட்டுக்குப் போய், அம்மாவோடு உட்கார்ந்து பேச வேண்டும்.