முகத்தில் ஓடும் செந்நூல்கள்

மார்ச் 4
மூக்கின் இரு பக்கமும் செந்நூல் போல மூன்று கோடுகள். காலை வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரிகின்றன. ஒரு கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து மெல்ல அழுத்தினேன், கோடு வெளுத்து மறைந்தது, எடுத்ததும் ரத்தம் ஓடி வந்து நிரம்பியது. நரம்பு என்று நாம் சொல்லிக்கொண்டாலும் இது தோலுக்கு அடியிலேயே விரிந்துபோன சிறு ரத்தக் குழாய். கன்னம் வேறு எரிகிறது.

மார்ச் 9
தோல் மருத்துவர் பார்த்தார். ரொசேசியா என்றார், முகம் அடிக்கடி சிவந்து எரியும் நாள்பட்ட தோல் நோய். அக்கா கொடுத்த க்ரீமை ஆறு மாதமாகப் பூசி வந்ததைச் சொன்னேன், டியூபை வாங்கிப் படித்தவர் அது ஸ்டீராய்டு என்றார். பூசியதும் சிவப்பு அடங்கும், நாளடைவில் தோலை மெலிய வைத்து, குழாய்களை இன்னும் வெளியே காட்டும், நிறுத்தினால் முதலில் சிவப்பு அதிகமாகவே திரும்பும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தானே தினமும் பூசினேன்! நிறுத்தும் முறையை அவரே எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 17
சொன்னபடியே ஆயிற்று, முகம் தகதகவென்று இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், நுரை குறைந்த மணமில்லாத க்ளென்சர், ஒரு மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான். ஸ்க்ரப், டோனர், மென்தால் கலந்தவை எல்லாம் அலமாரியை விட்டுப் போயின. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறேன்.

மார்ச் 29
எது கிளப்பிவிடுகிறது என்று தினமும் எழுதி வருகிறேன். வெயில்தான் முதல் எதிரி. அடுப்புப் பக்கம் நின்றாலும், கோபம் வந்தாலும், சூடான பானம் குடித்தாலும் பத்து நிமிடத்தில் முகம் சிவந்துவிடுகிறது. அதே பானத்தை ஆறவைத்துக் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்கு ஆகாதது இன்னொருவரை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், அதனால் அவரவர் பட்டியலை அவரவரே எழுத வேண்டியதுதான். சன்ஸ்கிரீனுக்கு எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாமல், ஜிங்க் ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். காதுக்குப் பின்னால் சில நாள் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு.

ஏப்ரல் 12
தோல் மருத்துவர் சிவப்புக்குக் கொடுத்த அசெலாயிக் அமிலம் 15 சதவீத ஜெல் தொடங்கி இரண்டு வாரம். முதல் சில நாள் குறுகுறுத்தது, இப்போது இல்லை. வாரக்கணக்கில் பொறுத்தால்தான் பலன் தெரியும் என்றார். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றதும் அதையும் குறித்துக்கொண்டு கண் மருத்துவரிடம் அனுப்பினார். ரொசேசியா கண்ணையும் பிடிக்குமாம்! இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.

மே 20
எரிச்சல் ஏறக்குறைய போய்விட்டது. கன்னம் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது, எத்தனை மாதமாயிற்று! அந்த மூன்று கோடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. ஒருமுறை விரிந்த குழாயை க்ரீம் மூடாது, லேசர் ஒரு வழி. அந்த ஒளியை ரத்தத்தின் சிவப்பு உறிஞ்சிச் சூடாகி, குழாய் மூடிக்கொள்ளும். ஆனால் மாநிறத் தோலில் நிறமியும் ஒளியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கறுத்த தழும்பு விழலாம். அதனால் லேசர் செய்பவர் நம் நிறத் தோலில் செய்து பழகியவரா என்று கேட்டேன். முதலில் காதோரம் சின்ன இடத்தில் செய்து பார்ப்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.