ஒரு சிறு புரதத்தின் இரு வேலைகள்
நேற்றுப் பின்னேரம் திருநெல்வேலியில் உயர்தர வகுப்பில், “சைற்றோகுரோம் சீயை ஏன் சேர் இவ்வளவு பெரிதாகச் சொல்லுறீங்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். கலங்களுக்குள் இருக்கும் சிறு புரதம் அது; சைற்றோகுரோம்கள் என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது.

1925இல் உயிரியலாளர் டேவிட் கெயிலின் மதுவக் கலவையை நிறமாலைகாட்டியினூடாகப் பார்த்தபோது, காற்றுடன் குலுக்கியதும் மறைந்து, அசையாமல் வைத்ததும் மீண்டும் தோன்றிய கரும்பட்டைகளே, இப்புரதக் குடும்பம் கலச்சுவாசத்தில் பங்கெடுக்கிறது என்பதற்கு வழிகாட்டின. 104 அமினோ அமிலங்களே கொண்ட சைற்றோகுரோம் சீ மனிதனிலும் சிம்பன்சியிலும் அச்சொட்டாக ஒன்றே. றீசஸ் குரங்கில் ஒரேயோர் இடம் மட்டும் மாறுகிறது என்பதால், கூர்ப்பு ஆய்வாளர்களும் இதனை விட்டுவைக்கவில்லை.

என்னை மிகவும் வியக்கவைப்பது 1996இல் சியாவோடொங் வாங் குழுவினர் கண்டதுதான்: கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிக்குள் இலத்திரன்களைக் கடத்திக் கலத்தை வாழவைக்கும் அதே மூலக்கூறு, வெளியே கசிந்துவிட்டால், அக்கலத்தின் திட்டமிட்ட சாவைத் தொடக்கிவைக்கிறது. இதைச் சொல்லி முடித்தபோது, கேள்வி கேட்டவள் கொப்பியில் ‘கசிந்தால்’ என்பதன் கீழ் இரண்டு கோடுகள் போட்டிருந்தாள்.